முளைத்த கோதுமை

(இணையவழி நேரலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். நேரம் போதாமல் பேச்சில் விட்டுவிட்ட சில பகுதிகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.)

இங்கே ரொறன்ரோவில் மாலை ஏழு மணி. இலண்டனில் இருந்து இணைந்திருப்பவர்களுக்கு நடுச்சாமம். யாழ்ப்பாணத்தில் விடியவே இல்லை. இந்த நேரத்தில் ஒரு இலக்கியப் பேச்சுக்காக எழும்பி இருக்கிறீர்கள் என்றால் உங்களை ஏமாற்றக் கூடாது என்று எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருக்கிறது.

என் பெரியப்பாவில் இருந்து தொடங்குகிறேன். அவர் 1950களில் வடமராட்சியில் இருந்து கிளிநொச்சிப் பக்கம் காணி எடுத்துப் போனவர். காடு வெட்டி, கட்டை பிடுங்கி, இரணைமடுத் தண்ணீரில் நெல் விதைத்தவர். ஒரு தை மாதம், அரிவு வெட்டி உப்பட்டி உப்பட்டியாகப் போட்டிருந்த நேரம், பருவம் தப்பி மழை பிடித்தது. ஐந்தாறு நாள் விடவில்லை. போய்ப் பார்த்தால் கதிரிலேயே நெல் முளைவிட்டிருந்தது. பெரியப்பா அதைப் பற்றி நீட்டி முழக்கிச் சொன்னதில்லை. "உப்பட்டியிலேயே முளைச்சுப் போச்சு" என்று மட்டும் சொல்வார். பிறகு அது எங்கள் வீட்டுச் சொலவடையாகிவிட்டது. ஒரு கலியாணப் பேச்சுக் குழம்பினாலும், சோதினையில் யாராவது கோட்டை விட்டாலும், கொழும்பில் கிடைக்க இருந்த வேலை கைநழுவினாலும், "உப்பட்டியிலேயே முளைச்சுப் போச்சு"தான்.

இங்கே வந்து பல வருடங்களுக்குப் பிறகு, ஸ்காபரோ நூலகம் ஒன்றில் 1852இல் வெளிவந்த ஒரு ஆங்கிலப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். எழுதியவர் சூசன்னா மூடி. புத்தகத்தின் பெயர் 'ரஃபிங் இட் இன் த புஷ்'. 'காட்டில் பட்ட பாடு' என்று நான் சொல்வேன். அதில் 1835ஆம் ஆண்டுக் கோடை பற்றி ஒரு அத்தியாயம். கோதுமை அரிவாளுக்குத் தயாராக ஒரு கிழமை இருக்கும்போது மழை தொடங்குகிறது. புரட்டாதி முடியும் மட்டும் இடியும் மழையும் வெக்கையும் மாறி மாறி. கோதுமை கட்டிலேயே முளைத்துவிடுகிறது. அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே வாகன நிறுத்துமிடத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். ஒரு ஆங்கிலச் சீமாட்டி பெரியப்பாவின் வசனத்தை ஒரு நூறு வருடம் முந்தியே எழுதிவிட்டாள்.

அந்தப் பெண்ணையும் அவருடைய அக்காவையும் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் வளர்ந்த ஸ்ட்ரிக்லண்ட் குடும்பத்துச் சகோதரிகள் அவர்கள். மூத்தவர் கதரின், 1802இல் பிறந்தவர். அடுத்தவர் சூசன்னா, 1803. அந்த வீட்டில் பெண்கள் பலரும் எழுத்தாளர்கள். அவர்களில் அக்னஸ் என்பவர் இங்கிலாந்து அரசிகளின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிப் பேர் பெற்றவர். தகப்பன் இறந்தபின் மதிப்பு இருந்தது, காசு இல்லை. இரண்டு பேரும் ஓக்னித் தீவுகளைச் சேர்ந்த, பாதிச் சம்பளத்தில் விலக்கி வைக்கப்பட்ட இராணுவ அதிகாரிகளைக் கலியாணம் செய்தார்கள். நெப்போலியன் போர்கள் முடிந்தபின் இப்படியான அதிகாரிகள் பிரித்தானியாவில் நிறையப் பேர். மானத்தோடு வாழ ஊரில் வழியில்லை. கனடாவில் காணி கிடைக்கிறது என்றார்கள்.

யார் சொன்னார்கள் என்பது முக்கியம். அந்த நாட்களில் வில்லியம் கற்றர்மோல் என்று ஒருவர் ஊர் ஊராகப் போய்க் கனடாவின் பெருமையைப் பேசினார். 1831இல் அதைப் புத்தகமாகவும் போட்டார். மண் பொன் விளையும், மரம் வெட்டினால் போதும், இரண்டொரு வருடத்தில் சொந்தப் பண்ணை. காட்டு இலையான் கண்ணை மூடவிடாமல் கடிக்கும் என்பதையோ, குளிர்காய்ச்சலையோ, ஒரு மூடை கோதுமையை மாவாக்க ஆலைக்கு எவ்வளவு தூரம் காட்டுவழியில் கொண்டுபோக வேண்டும் என்பதையோ யாரும் மேடையில் சொல்லவில்லை. சூசன்னா பிறகு இதைக் 'கனடாப் பைத்தியம்' என்ற கருத்தில் கோபமாக எழுதினார். எண்பதுகளில் யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் முகவர்மாருக்கு முன்னால் இருந்தவர்கள் இந்த நேரலையில் நிச்சயம் இருப்பீர்கள். உங்களுக்குக் கற்றர்மோலை நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை.

இரண்டு குடும்பங்களும் 1832 கோடையில் தனித்தனிக் கப்பல்களில் வந்தன. அது கொலரா ஆண்டு. கியூபெக்கிற்குக் கிட்ட குரோஸ் தீவில் நோய்த்தடுப்பு முகாம் அந்த வருடம்தான் திறக்கப்பட்டது. கதரினுக்கு மொன்றியலில் கொலரா வந்து, செத்துப் பிழைத்தார். ட்ரெயில் குடும்பம் நேரே டூரோ என்ற பகுதிக்குப் போனது. இன்றைய பீற்றர்பரோவுக்கு வடக்கே, கட்சவனூக்கா ஏரிக்கரை. ரொறன்ரோவில் இருந்து காரில் இரண்டு மணித்தியாலம். அவர்களுடைய தம்பி சாமுவேல் 1825இலேயே கனடாவுக்கு வந்தவர். அவர் அங்கே முன்கூட்டியே காணி எடுத்திருந்தார். ஒருவர் வந்து மற்றவரைக் கூப்பிடுவது நம்முடைய கண்டுபிடிப்பு இல்லை. மூடி குடும்பம் முதலில் கோபர்க் அருகே வெட்டித் துப்புரவான ஒரு பண்ணையை வாங்கி, அயலவர்களோடு ஒத்துப்போகாமல், 1834 மாசியில் அதே டூரோவுக்கு வந்து சேர்ந்தது. அடுத்த மாதம் யோர்க் என்ற சேற்றுப் பட்டினம் ரொறன்ரோ என்று பெயர் மாறி நகரமாகிறது.

காட்டில் ஒரு வருடம் எப்படிப் போகும்? குளிர்காலத்தில் மரம் வெட்டுவார்கள். கோடையில் வெட்டிய காட்டைக் கொளுத்துவார்கள். சாம்பல் பொட்டாசு காய்ச்ச விலைபோகும். அடிக்கட்டைகள் உக்க வருடங்கள் எடுக்கும். அதனால் கட்டைகளுக்கு இடையிலேயே கோதுமை விதைப்பார்கள். வன்னியில் காடு வெட்டிச் சேனை செய்தவர்களுக்கு இந்த ஒழுங்கு புதிதில்லை, குளிர் ஒன்றைத் தவிர. சூசன்னாவின் முதல் கோடையிலேயே, கணவர் இல்லாத நேரம் பார்த்து வேலையாள் காட்டைக் கொளுத்திவிட்டான். நெருப்பு வீட்டைச் சுற்றி வளைத்துவிட்டது. பிள்ளைகளோடு உள்ளே அகப்பட்டவரை ஒரு இடிமழை வந்து காப்பாற்றியது. அடுத்த வருடக் கோதுமையை அழித்ததும் இதே மழைதான். கமம் செய்பவனுக்கு மழை நண்பனா பகையா என்று கேட்டால், திகதியைச் சொல், பதில் சொல்கிறேன் என்பான்.

அந்த 1835 விளைச்சலுக்குத் திரும்பி வருகிறேன். பதினாறு ஏக்கர் வெட்டித் துப்புரவாக்கி விதைக்க ஐம்பது பவுணுக்கு மேல் செலவு என்று அவர் கணக்குச் சொல்கிறார். எஞ்சிய கோதுமையில் ஒட்டிப் பிடிக்கும் கறுத்த பாண்தான் சுடலாம். மிச்சத்தை வடிசாலையில் கொடுத்தால் காசு இல்லை, விஸ்கிதான் தருவார்கள். கணவர் தன்னுடைய இராணுவப் பதவியை விற்ற காசை நீராவிக் கப்பல் பங்குகளில் போட்டிருந்தார். அதுவும் திரும்பி வரவில்லை. பால், பாண், உருளைக்கிழங்கு, மாதக்கணக்காக அதுதான் சாப்பாடு. கறுத்த அணில் பிடித்துக் கறி வைத்தார்கள். தேத்தண்ணி வாங்க வழியில்லை. இந்த இடத்தில்தான் அவர் டாண்டெலியன் வேரைக் கண்டுபிடிக்கிறார்.

கோடையில் நம் வீட்டுப் புல்தரையில் மஞ்சளாகப் பூக்கும் அந்தக் களைதான். அயலவர் முறைப்பதற்கு முன்னால் வாரத்துக்கு ஒரு தரம் பிடுங்குகிறோமே, அது. உருளைக்கிழங்கு கிண்டும்போது வந்த வேர்களைக் கழுவி, சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி, அடுப்பில் வறுத்து, அரைத்து, கோப்பி போட்டிருக்கிறார். ஒரு பத்திரிகையில் இந்தச் செய்முறையைப் படித்த ஞாபகம். முதல் தரமே அருமையாக வந்துவிட்டது. அந்தப் பக்கத்தில் அவருடைய எழுத்தில் ஒரு துள்ளல் தெரியும். வறுமையில் கிடைத்த சின்ன வெற்றியை அப்படித்தான் எழுத முடியும். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் இருந்தவர்கள் ஜாம் போத்தலுக்குள் கொஞ்ச மண்ணெண்ணெய் விட்டுத் திரி போட்டு விளக்குச் செய்ததைச் சொல்லும்போது குரல் இப்படித்தான் மாறும். சூசன்னாவும் இரவில் விளக்கு வைத்துத்தான் எழுதினார். மெழுகுதிரி வாங்க வசதியில்லை. பழந்துணியைத் திரித்துப் பன்றிக் கொழுப்பில் தோய்த்துப் போத்தலில் செருகிய விளக்கு. மொன்றியலில் இருந்து வந்த 'லிற்றரரி கார்லண்ட்' சஞ்சிகைக்கு அந்த வெளிச்சத்தில் கதைகள் எழுதினார். முதல் இருபது டொலர் தாள் வந்தபோது அழுதுவிட்டதாக எழுதுகிறார். தமிழில் எழுதிச் சம்பாதித்த எங்களுக்கு அந்த அழுகை புரியாது, அது வேறு கதை.

ஊடே ஒன்று. மேப்பிள் மரப் பட்டைகளில் தட்டையாக வெள்ளைக் காளான் முளைக்கும். அதன் வெல்வெட் போன்ற முகத்தில் குருவியும் வண்ணத்துப்பூச்சியும் வரைந்து விற்றிருக்கிறார். அதில் கிடைத்த காசில் பிள்ளைகளுக்குச் செருப்பு.

சந்தோஷமான பருவம் ஒன்றும் உண்டு, அது பங்குனி. இரவில் உறைந்து பகலில் உருகும் அந்தச் சில கிழமைகளில்தான் மேப்பிள் மரத்தில் சாறு ஓடும். பனையில் பாளை சீவுகிற மாதிரி மரத்தில் துளை போட்டு, கீழே தொட்டி வைத்து, சேர்ந்ததைக் காய்ச்ச வேண்டும். சுமார் நாற்பது லீற்றர் சாறு காய்ச்சினால் ஒரு லீற்றர் பாணி. பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி எடுத்த சமூகத்துக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஆனால் நாம் பாளைக்குள் கையை விடும் வெயிலில் இவர்கள் முழங்கால் பனியில் நிற்கிறார்கள். கணவர் இராணுவ வேலையாய்ப் போய்விட்ட ஒரு வசந்தத்தில் சூசன்னாவும் வேலைக்கார ஜெனியும் ஒரு பையனும் சேர்ந்து 112 இறாத்தல் சீனி காய்ச்சியிருக்கிறார்கள். அதோடு ஆறு கலன் பாணி, எட்டு கலன் வினாகிரி. எண்களை ஒன்றும் விடாமல் எழுதி வைத்திருக்கிறார். தோற்ற கணக்கையும் வென்ற கணக்கையும் ஒரே கையெழுத்தில் எழுதுகிறவரை நான் நம்புகிறேன்.

இந்தச் சீனி காய்ச்சும் தொழில் இவர்கள் கொண்டு வந்தது இல்லை. அனிஷினாபே மக்கள் ஐரோப்பியர் வருவதற்கு முன்பே செய்துவந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

அக்கா கதரின் இதே ஏரிக்கரையில், இதே வருடங்களில், வேறொரு புத்தகம் எழுதினார். 'த பேக்வுட்ஸ் ஒஃப் கனடா', 1836. ஊரில் இருக்கும் தாய்க்கு எழுதிய கடிதங்கள். அதில் காடு பயங்கரமானது இல்லை, பெயர் வைக்கக் காத்திருக்கும் பூக்கள் நிறைந்த இடம். பனி உருகியதும் முதலில் எது பூக்கும், எந்தக் கீரை தின்னலாம், எந்த மரத்துப் பட்டை எதற்கு உதவும் என்று கவனித்துக்கொண்டே போகிறார். 1854இல் ரொறன்ரோவில் குடியேறும் பெண்களுக்கான ஒரு கைநூல் வெளியிட்டார். பாண் சுடுவது, சவர்க்காரம் காய்ச்சுவது, கோழி வளர்ப்பது, ஈற்றில் மாதம் மாதமாகக் கனடாவின் பருவங்கள். இன்றைக்கும் பயன்படும் புத்தகம். 1868இல் கனடாக் காட்டுப் பூக்கள் பற்றி ஒரு நூல். படங்கள் வரைந்தவர் சூசன்னாவின் மகள் அக்னஸ்.

வழமையான ஒப்பீடு என்னவென்றால் கதரின் நல்ல மனம் உள்ளவர், சூசன்னா முறைப்பாட்டுக்காரி. கனடாவின் விமர்சகர்கள் நீண்டகாலம் இப்படித்தான் எழுதினார்கள். மார்கரெட் அற்வுட் 1970இல் சூசன்னாவின் பெயரில் ஒரு முழுக் கவிதைத் தொகுதி எழுதிய பிறகு தராசு சற்றுச் சாய்ந்தது. நான் இந்த ஒப்பீட்டை ஏற்கவில்லை. கதரினின் வீட்டில் தரித்திரம் குறைவாக இல்லை. அவருடைய கணவர் மனச்சோர்வு உள்ளவர், கமத்துக்குக் கொஞ்சமும் பொருந்தாதவர். கடன். பிறகு றைஸ் ஏரிக்கரை வீடு 1857இல் எரிந்தது. இரண்டு வருடத்தில் கணவர் இறந்தார். இவ்வளவும் அவருடைய அச்சேறிய புத்தகங்களில் தலை காட்டுவது மிகக் குறைவு. அவர் எழுதியது தாய்க்கு. அது பெரிய வித்தியாசம்.

இதை நான் விமர்சகனாகச் சொல்லவில்லை. 1988இல் இங்கே வந்து ஒரு நிலவறையில் நாலு பேரோடு இருந்து உணவகத்தில் கோப்பை கழுவினேன். அம்மா கடிதத்தில் கேட்டா: "அங்கே தோட்டம் செய்ய இடமிருக்கோ?" வீட்டில் ஜன்னலே ஒன்றுதான், அதுவும் புல்மட்டத்தில். நான் பதில் எழுதினேன்: "பின்வளவு இருக்கு அம்மா, பெரிய வளவு. பனி விட்டதும் ஏதாவது போடலாம்." அம்மா அடுத்த கடிதத்தில் கத்தரி விதை வைத்து அனுப்பினா. அந்த விதையை நான் பதினொரு வருடம் ஒரு பிஸ்கற் பேணியில் வைத்திருந்தேன். வீடு வாங்கிய பிறகு போட்டேன். ஒன்றும் முளைக்கவில்லை. என் கடிதங்களை யாராவது பதிப்பித்தால் அது கதரினின் புத்தகமாக வரும். உண்மையில் நான் வாழ்ந்தது சூசன்னாவின் புத்தகம். அதை அப்போது எழுதியிருந்தால் ஊரில் ஒருவராவது தன் காணியை ஈடு வைத்து முகவருக்குக் கொடுப்பதற்கு முன் யோசித்திருப்பாரோ என்று இப்போது நினைப்பதுண்டு. சூசன்னா தன் புத்தகத்தின் கடைசியில் இதைத்தான் சொல்கிறார். தன்னைப் போன்ற ஒரு குடும்பமாவது இருந்ததையும் தொலைத்துக் காட்டுக்குள் போவதைத் தடுத்தால் போதும் என்று. போரில் இருந்து தப்பி வந்தவனுக்கு அந்த எச்சரிக்கை பொருந்தாது என்பதும் எனக்குத் தெரியும். எங்களில் பலருக்கு யோசிக்க அவகாசம் இருக்கவில்லை.

அந்தப் புத்தகத்தில் எனக்குப் பிடித்த அத்தியாயம் டமருக்கு நடந்து போனது. 1838 தை. பக்கத்துப் பகுதியான டமரில் ஒரு முன்னாள் இராணுவக் கப்டன் குடித்துக் குடித்துக் காணியைத் தொலைத்து, மனைவியையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டு அமெரிக்காவுக்குப் போய்விட்டான். காட்டுக்குள் அந்தக் குடும்பம் உருளைக்கிழங்கில் உயிரை வைத்திருக்கிறது என்று சேதி வருகிறது. சேதி கொண்டு வந்தவர் ஜெனி என்ற ஐரிஷ் வேலைக்காரி. சம்பளமே வாங்காமல் அந்தக் குடும்பத்தோடு வருடக்கணக்காய் இருந்தவர். டூரோப் பெண்கள் தங்களுக்கே காணாத நிலையில் பாணும் இறைச்சியும் தேயிலையும் சீனியும் சேர்க்கிறார்கள். சூசன்னாவும் தோழி எமிலியாவும், துணைக்குக் கதரினின் கணவர் தோமஸ் ட்ரெயிலும், பனிக்காட்டுக்குள் நடக்கிறார்கள். நடை ஒரு பொருட்டே இல்லை, அந்த வீட்டு வாசலில் நின்றபோதுதான் கஷ்டம் தொடங்கியது என்று எழுதுகிறார். அந்தப் பெண் பிரபு குடும்பத்து வளர்ப்பு. சாப்பாடு கொண்டு வந்திருக்கிறோம் என்று எப்படிச் சொல்வது? இரண்டு பேரும் வாய் திறக்க முடியாமல் வானிலை பற்றியும் வழி பற்றியும் பேசிக்கொண்டு இருக்கிறார்கள். கடைசியில் எமிலியாதான் பிள்ளைகளைச் சாட்டிச் சொல்லி முடிக்கிறார்.

கொடுப்பவரின் கூச்சத்தை இவ்வளவு நேர்மையாக எழுதிய பக்கங்கள் அதிகம் இல்லை. வன்னியில் அகதிக் கொட்டிலுக்குள் இருந்த ஒரு பழைய ஆசிரியருக்கு, அவரிடம் படித்தவர்கள் அரிசி கொண்டுபோய், "சேர், இது எங்கட வயல் நெல்லு, எப்பிடி இருக்கெண்டு பாருங்கோ" என்று சொல்லிக் கொடுத்த கதை எனக்குத் தெரியும். சேருக்கும் தெரியும், அவர்களுக்கு வயல் இல்லை என்று.

அந்த ஜெனிதான் பிறகு சூசன்னாவோடு சேர்ந்து சீனி காய்ச்சியவர், வயல் பார்த்தவர். கணவர் 1837 கிளர்ச்சிக்குப் பின் படைக்குப் போய்விட, இரண்டு பெண்களும்தான் கமம் செய்தார்கள். உண்மையில் அந்தப் பண்ணை கொஞ்சமாவது ஒழுங்காக நடந்தது அந்த வருடங்களில்தான் என்று எனக்குப் படுகிறது. சூசன்னா கணவருக்கும் சொல்லாமல் துணை ஆளுநர் சேர் ஜோர்ஜ் ஆதருக்கு ஒரு கடிதம் எழுதினார். எங்கள் கடன் தீருமட்டும் அவரை வேலையில் வைத்திருங்கள் என்று. 1839இல் கணவருக்கு பெல்வில் பகுதியில் ஷெரிஃப் வேலை கிடைத்தது. 1840 தையில் பனிவண்டியில் சாமான் ஏற்றிக் காட்டை விட்டுப் போனார்கள். ஜெனி தன்னிடம் இருந்த தொப்பிகள் எல்லாவற்றையும் ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறினாராம். நசுங்கிவிடக் கூடாதே! வெறுத்துத் திட்டித் தீர்த்த காட்டை விட்டுப் போகும்போது சூசன்னாவுக்கு அழுகை. அவருக்கே அது விளங்கவில்லை.

குளிர்காய்ச்சல் பற்றி ஒரு வார்த்தை. இந்தக் குடியேற்றக்காரர் ஒவ்வொருவரும் 'ஏகு' என்ற காய்ச்சலில் விழுந்து எழும்பினார்கள். ஒரு நாள் நடுக்கம், அடுத்த நாள் சுகம், மறுபடி நடுக்கம். அது மலேரியா. ஆம், ஒன்ராறியோவில். ஒட்டாவாவுக்கும் கிங்ஸ்ரனுக்கும் இடையில் றிடோ கால்வாய் வெட்டியவர்கள் பலர் அதில்தான் செத்தார்கள். பெரியப்பா போன காலத்தில் வன்னியில் டி.டி.ரி. அடித்து நுளம்பு குறைந்திருந்தது. அதற்கு இருபது வருடம் முந்தி, 1934–35 கொள்ளைநோய்க் காலத்தில் இலங்கையில் மலேரியா என்றால் என்னவென்று தெரிந்த யாரும் காட்டுக் காணி கேட்டுப் போகவில்லை. பனி நாட்டுக்கும் வரண்ட வலயத்துக்கும் ஒரே நுளம்பு வைத்த பரீட்சை.

இனி அந்த அனிஷினாபே விடயம். சூசன்னாவும் கதரினும் வாங்கியதும் பெற்றதும் காடு. காடு என்றால் வெறும் நிலம் என்று பத்திரம் சொன்னது. 1818இல் மிசிசாகா மக்களிடம் இருந்து ஆண்டுக்கு 740 பவுண் என்ற பேச்சில் பிரித்தானிய முடி எடுத்த நிலம் அது. இருபதாம் இலக்க உடன்படிக்கை என்பார்கள். சகோதரிகள் வரும்போது அதற்குப் பதினான்கு வயதுதான். எடுத்தவர்களும் கொடுத்தவர்களும் உயிரோடு இருந்தார்கள். ஏரியில் மீன் பிடித்துக்கொண்டும், றைஸ் ஏரியில் 'மனோமின்' என்னும் தண்ணீர் நெல்லைத் தோணியில் இருந்து தட்டி எடுத்துக்கொண்டும், மான் இறைச்சி கொண்டுவந்து உருளைக்கிழங்குக்கு மாற்றிக்கொண்டும். இரண்டு சகோதரிகளும் அவர்களைப் பற்றி அன்பாக எழுதுகிறார்கள். சூசன்னா ஒரு முழு அத்தியாயமே எழுதியிருக்கிறார். அதில் அந்தக் காலத்து மேட்டிமையும் இருக்கிறது, மறைக்கத் தேவையில்லை. ஆனால் அவர்களுடைய நிலம் எங்கே போனது என்ற கேள்வி அந்த அத்தியாயத்தின் ஓரத்தில் மட்டும் நிற்கிறது. பிறகு 1923இல் வில்லியம்ஸ் உடன்படிக்கைகள் என்ற பெயரில் அந்த மக்களின் வேட்டை, மீன்பிடி உரிமையையும் அரசு மறுத்தது. 2018இல்தான் 110 கோடி டொலருக்கு மேல் இழப்பீடும் மன்னிப்பும் கொடுத்து உரிமையை ஏற்றுக்கொண்டார்கள்.

காணி பறிபோவது என்றால் என்னவென்று நமக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டாம். பெரியப்பாவின் காணியும் சில வருடங்கள் உயர் பாதுகாப்புக்குள் கிடந்ததுதான். ஆனால் நான் ஸ்காபரோவில் வாங்கிய நாற்பதடி வளவின் பத்திரத்தைப் பார்த்தபோது இந்தக் கேள்வி எனக்கு ஏன் வரவில்லை என்று இன்றைக்கு யோசிக்கிறேன். ஸ்காபரோ என்ற பெயரே ஆளுநரின் மனைவி எலிசபெத் சிம்கோ 1793இல் ஏரிக்கரை மலைமுகடுகளைப் பார்த்து, யோர்க்‌ஷயரின் ஸ்காபரோ ஞாபகத்தில் வைத்தது. லோரன்ஸ், எல்ஸ்மியர், ஷெப்பேட், ஃபின்ச் என்று பேருந்தில் வடக்கே போகும்போது பெரிய தெருக்கள் சரியாக இரண்டு கிலோமீற்றருக்கு ஒன்றாக வருவதைக் கவனித்திருப்பீர்கள். அது நகரத் திட்டம் இல்லை. நில அளவையாளர் சங்கிலி போட்டு, நூறு சங்கிலிக்கு ஒரு பாதை விட்டுப் பண்ணைக் காணிகளாகப் பிரித்த கணக்கு. நமது இட்லிக் கடையும் நகைக்கடையும் நிற்பது பழைய கோதுமை வயல்களின் எல்லையில்.

அந்த வயல்களில் இப்போது நம் ஆட்கள் தோட்டம் செய்கிறார்கள். பங்குனியில் ஜன்னலோரம் கத்தரி, மிளகாய் நாற்று. விக்ரோறியா நாள் விடுமுறைக்கு முன் வெளியில் நடக்கூடாது என்பது இங்கத்தைய பஞ்சாங்கம். முதல் வருடம் நான் அதை மதியாமல் வைகாசி தொடக்கத்திலேயே நட்டு, ஒரே இரவு உறைபனியில் முழுவதையும் கொடுத்தேன். ஆவணியில் பயிற்றங்காயும் பாகலும் காய்த்துத் தள்ளும், யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் வேலைக்குப் பையில் கொண்டுபோவோம். தக்காளி பழுக்கிற அன்றைக்கு அணில் ஒரு கடி கடித்துவிட்டு மிச்சத்தை வேலியில் வைத்துவிட்டுப் போகும். சூசன்னா வீட்டில் அதைக் கறி வைத்தார்கள் என்ற நினைப்பு அப்போதுதான் ஆறுதலாக வரும். புரட்டாதி கடைசியில் கறிவேப்பிலைச் சாடியை உள்ளே தூக்க வேண்டும். மறந்தால் அவ்வளவுதான்.

பேச்சு முடிந்தபின் இலண்டனில் இருந்து ஒரு அம்மா கேட்டா: "இரண்டு பேரில் நீங்கள் யார் பக்கம் தம்பி?" நேரலையில் நான் சூசன்னா என்று உடனே சொல்லிவிட்டேன். எழுதும்போது இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். சூசன்னா 1885 சித்திரையில் ரொறன்ரோவில் இறந்தார், காட்டை விட்டு நாற்பத்தைந்து வருடங்களுக்குப் பிறகு. கதரின் காட்டருகிலேயே, லேக்ஃபீல்டில், 1899 வரை இருந்தார். தொண்ணூற்றேழு வயது. கடைசி வரை செடி சேர்த்தார். முதுமையில் அவரைக் கௌரவிக்க அரசு ஒரு சின்னத் தீவை அவருக்கு எழுதிக் கொடுத்தது. பொலி கௌ தீவு என்று பெயர். அவரே கேட்டு வாங்கியதுதான். அங்கே ஒரு பூர்வகுடிப் பெண்பிள்ளையைப் புதைத்திருக்கிறார்கள், யாரும் வந்து மரம் வெட்டி அந்த இடத்தைக் கெடுக்கக் கூடாது என்று காரணம் சொன்னார். அறுபது வருடத்துக்கு மேல் அந்த ஏரிகளைப் பார்த்தவர் அரசிடம் கேட்ட காணி அது ஒன்றுதான்.